விளம்பரப் பத்தியில் ஒரு நடிகரின் வாழ்க்கை: தேசிய நூலகத்தின் நாளிதழ்த் தளம் எவ்வளவு கைகொடுக்கிறது?

சிங்கப்பூரில் ஒரு நடிகரைப் பற்றி எழுத உட்காருபவர்கள் முதலில் போய் நிற்கும் இடம் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளம். கட்டணம் கிடையாது. 19ஆம் நூற்றாண்டு தொடங்கி சிங்கப்பூர், மலாயா நாளிதழ்களைப் பக்கம் பக்கமாக வருடி ஏற்றி வைத்திருக்கிறார்கள். நினைவு மலர் தயாரிப்பவர்கள், பள்ளித் திட்ட வேலை செய்யும் பிள்ளைகள், அஞ்சலிக் கூட்டத்துக்குக் குறிப்பெடுப்பவர்கள் எல்லாரும் இங்கேதான் வருகிறார்கள். நடிகரின் பெயரைத் தட்டுகிறார்கள், முதல் இரண்டு திரையில் வந்ததைப் படிக்கிறார்கள், எழுதி முடித்துவிடுகிறார்கள்.

அப்படி எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் கல்யாணம் இருக்கும், விருது இருக்கும், மரணம் இருக்கும். தொழில் இருக்காது. அது தளத்தின் குறை அல்ல. அந்தக் கால நாளிதழ்கள் நடிகர்களை எப்போதாவதுதான் செய்தியாக்கின. எந்த வாரம் எந்தக் கொட்டகையில் எந்தப் படம், பெயர் எத்தனையாவது இடத்தில் என்ற விவரமெல்லாம் விளம்பரப் பத்தியில்தான் கிடக்கிறது. அந்தப் பத்தியைத் தோண்டி எடுக்க இந்தத் தளம் எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்று பார்ப்பதே இந்த மதிப்புரை.

சோதிக்க எடுத்துக்கொண்டவர் மலாய்த் திரைப்பட நடிகர் பி. ரம்லி. காரணம் எளிது. கருவியைச் சோதிக்க விடை தெரிந்த கணக்கைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும். ரம்லி 1929 மார்ச் 22 அன்று பினாங்கில் பிறந்தவர். 1948இல் சிங்கப்பூருக்கு வந்து, பாலஸ்டியர் சாலையை ஒட்டிய ஜாலான் அம்பாஸில் இருந்த ஷா சகோதரர்களின் மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ் படப்பிடிப்புக் கூடத்தில் சேர்ந்தார். அந்த ஆண்டே பி. எஸ். ராஜ்ஹான்ஸ் இயக்கிய ‘சிந்தா’ படத்தில் வில்லன் வேடமும் பின்னணிப் பாட்டும். 1950இல் எல். கிருஷ்ணன் இயக்கிய ‘பக்தி’ அவரைக் கதாநாயகன் ஆக்கியது. 1955இல் ‘பெனாரெக் பெச்சா’ வழியாக இயக்குநர் ஆனார். 1957இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது. 1964இல் கோலாலம்பூருக்குப் போனார். 1973 மே 29 அன்று, 44 வயதில் காலமானார். 1948 முதல் 1964 வரை 17 ஆண்டுகள் சிங்கப்பூர் நாளிதழ்களின் கண்ணெதிரே நடந்த தொழில் வாழ்க்கை அது. தளம் நன்றாக வேலை செய்தால் இந்த ஆண்டுகள் அத்தனையும் அதில் அகப்பட வேண்டும்.

தமிழர்களுக்கு இதில் இன்னொரு அக்கறையும் உண்டு. ஜாலான் அம்பாஸில் ரம்லியை இயக்கியவர்களில் சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன் உண்டு, எஸ். ராமநாதன் உண்டு. கூடத்தின் இயக்குநர் வரிசையில் கே. எம். பாஸ்கரும் இருந்தார். மலாய்த் திரையுலகின் பொற்காலத்தில் நம்மவர்களின் கை எவ்வளவு இருந்தது என்பதையும் இதே பத்திகளிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதை எடுத்து எழுத வேண்டிய கடமையும் நமக்கு இருக்கிறது.

தேடல் பெட்டி

பெயரை வெறுமனே தட்டாதீர்கள். ரம்லி என்பது மலாய்க்காரர்களிடையே சாதாரணப் பெயர். பந்து விளையாட்டு, நீதிமன்றம், விபத்து, அரசாங்க இடமாற்றம் என்று எல்லா ரம்லிகளும் வந்து குவிவார்கள். முன்னெழுத்தையும் பெயரையும் சேர்த்து மேற்கோள் குறிக்குள் போடுங்கள். பிறகு தேதி எல்லையை 1948 ஜனவரி 1 முதல் 1964 டிசம்பர் 31 வரை சுருக்குங்கள். அடுத்தது வரிசை. தளம் தானாகப் ‘பொருத்தம்’ பார்த்து அடுக்கும். வாழ்க்கை வரலாற்றுக்கு அது உதவாது. பழைய தேதி முதலில் வரும்படி மாற்றிக்கொள்ளுங்கள். இந்த ஒரு மாற்றமே பாதி வேலையைச் செய்துவிடும், ஏனென்றால் பெயர் முதன்முதலாக எப்போது தலைகாட்டுகிறது என்பது கண்ணில் படும்.

பெயரின் ஆங்கில எழுத்துக்கோவையையும் மாற்றி மாற்றித் தட்டிப் பாருங்கள். கடைசியில் இரட்டை ‘ஈ’ போட்டும், ஒற்றை ‘ஐ’ போட்டும் தேட வேண்டும். முன்னெழுத்துக்குப் பின் புள்ளி வைத்தும் வைக்காமலும் தேட வேண்டும். இயக்குநர்களுக்கும் இதே கதைதான். பாஸ்கர் என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று நமக்குத் தெரியாததா?

இதழ் வடிகட்டியை உடனே தொட வேண்டாம். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் ஒன்றையே பார்த்துவிட்டு நிறுத்துபவர்கள் சிங்கப்பூர் ஃபிரீ பிரஸ், மலாயா டிரிபியூன், சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட் ஆகியவற்றை இழக்கிறார்கள். ரோமன் எழுத்து மலாய் நாளிதழான பெரித்தா ஹரியான் 1957 ஜூலையில்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய ஒன்பது ஆண்டுகளுக்கு ஆங்கில இதழ்களை நம்பியே ஆக வேண்டும். அரபு எழுத்தை ஒட்டிய ஜாவி எழுத்தில் வந்த மலாய் இதழ்களை ரோமனில் தட்டித் தேட முடியாது. அதற்கு ஜாவி படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

விளம்பரப் பத்தி

தளத்தின் மிகப் பெரிய செல்வமும் மிகப் பெரிய சிக்கலும் இங்கேதான். செய்திகளுக்கு அவற்றின் தலைப்பே பெயர். விளம்பரங்களுக்கோ ‘பக்கம் இத்தனை, விளம்பரங்கள், பத்தி இத்தனை’ என்ற பொது முத்திரை மட்டும். அந்தப் பத்திக்குள் படவிளம்பரம், தையல் இயந்திரம், வேலைக்கு ஆள் தேவை எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். தலைப்பைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒவ்வொன்றையும் திறந்துதான் பார்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், தெரியாதவர்களை ஏமாற்றிவிடும். பக்கத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரி, சீரான சிறிய அச்சைத்தான் நன்றாகப் படிக்கும். படவிளம்பரத்தில் நாயகன் பெயர் எப்படி இருக்கும்? கையால் வரைந்த வளைந்த எழுத்து, கறுப்புப் பின்னணியில் வெள்ளை, முகத்தின் மேல் சாய்வாக ஒரு வரி. எழுத்துணரி அதைப் படமென்று நினைத்துத் தாண்டிப் போய்விடும். ஆக, நடிகரின் பெயர் எவ்வளவு பெரிதாக அச்சாகிறதோ அவ்வளவுக்குத் தேடலில் தவறிப்போகும் வாய்ப்பு கூடுகிறது. புகழின் உச்சியில் இருந்த ஆண்டுகளில் தேடல் முடிவுகள் குறைவாகத் தெரிந்தால், படம் குறைந்தது என்று எழுதிவிடாதீர்கள். எழுத்து பெரிதானதாகவும் இருக்கலாம்.

இதற்கு மாற்று வழி, சிறிய அச்சில் வருவதைத் தேடுவது. கொட்டகையின் பெயர், காட்சி நேரம், துணை நடிகர்களின் பெயர், தயாரிப்பு நிறுவனத்தின் பெயர் ஆகியவை பெரும்பாலும் சின்ன எழுத்தில் வரும். அவற்றில் இரண்டைச் சேர்த்துத் தட்டினால் நாயகன் பெயரால் அகப்படாத விளம்பரம் அகப்படும். எழுத்துணரி வழக்கமாகச் செய்யும் பிழைகளையும் நினைவில் வையுங்கள். ஆங்கிலச் சிறிய எழுத்து ‘ஈ’யை ‘சி’ என்று படிக்கும். ‘ஆர்’, ‘என்’ இரண்டும் ஒட்டி நின்றால் ‘எம்’ ஆகிவிடும். வரி முடிவில் பெயர் உடைந்திருந்தால் இரண்டு துண்டாகவே பதிவாகும். இரட்டை ‘ஈ’யில் முடியும் ரம்லி இந்த முதல் பிழைக்கு நல்ல இரை. கடைசி எழுத்தைப் பிழையாகவே தட்டியும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

இதற்கு மேல் முழுமை வேண்டுமானால் தேடல் பெட்டியை விட்டுவிட்டு, இதழ், ஆண்டு, மாதம், தேதி என்று இறங்கிப் பக்கத்தைப் புரட்ட வேண்டும். தளத்தில் இதற்குத் தனி வழி இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. தினமும் பார்க்கத் தேவையில்லை. சனிக்கிழமை இதழ் ஒன்று போதும். 17 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 52 என்றால் 884 இதழ்கள். ஓர் இதழுக்கு 2 நிமிடம் வைத்தால் 29 மணி நேரத்துக்குச் சற்று மேல். இரண்டு மாதம் சனி, ஞாயிறு மாலைகளில் உட்கார்ந்தால் முடிந்துவிடும். போன சனிக்கும் இந்தச் சனிக்கும் இடையில் கொட்டகையில் படம் மாறியிருந்தால் மட்டும் நடுவில் உள்ள நாள்களைத் திறந்து பாருங்கள்.

பார்க்கும்போதே அட்டவணை போடுங்கள். ஏழு கட்டங்கள் வேண்டும்: தேதி, இதழ், பக்கமும் பத்தியும், கொட்டகை, அச்சில் இருந்தபடியே படத்தின் பெயர், தயாரிப்பு நிறுவன வரி, நடிகர் பெயர் எத்தனையாவது இடத்தில். கடைசிக் கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதுதான் முக்கியம். ஒரு நடிகர் ஏறியதும் இறங்கியதும் பேட்டிகளில் தெரியாது. பெயர் நான்காவது இடத்திலிருந்து முதல் இடத்துக்கு வருவதிலும், பிறகு படத்தின் பெயருக்கே மேலே ஏறுவதிலும் தெரியும். கதாநாயகனாகி ஐந்தே ஆண்டில் ஒருவர் இயக்குநரானதை அந்தக் கட்டத்தில் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே போனால், முதலாளிகள் அவர்மேல் பணம் போடத் துணிந்தது ஏன் என்பது விளங்கும்.

தேதியில் வழுக்கும் இடங்கள் இரண்டு. முதலாவது நள்ளிரவுக் காட்சி. முறையான வெளியீட்டுக்கு முன்பே சனிக்கிழமை நள்ளிரவில் ஒரு காட்சி போடுவது அன்றைய வழக்கம். அந்த விளம்பரத்தை வெளியீட்டு நாளாக எடுத்துக்கொண்டால் சில நாள்கள், சில சமயம் ஒரு வாரம் பிசகிவிடும். ‘இன்று நள்ளிரவு’ என்று இருந்தால் அட்டவணையில் தனி அடையாளம் போடுங்கள்; ‘நாளை முதல்’, ‘இன்று முதல்’ என்று வருவதுதான் வெளியீடு. இரண்டாவது மறுவெளியீடு. பழைய படம் சில ஆண்டு கழித்துச் சின்னக் கொட்டகைக்குத் திரும்ப வரும். அதற்குள் துணை நடிகர் நாயகன் ஆகியிருந்தால் பெயர் வரிசையும் மாறக்கூடும். அந்த ஒரு விளம்பரத்தை மட்டும் பார்த்தவர், அவர் அந்தப் படத்திலேயே நாயகன் என்று எழுதிவிடுவார். முதல் வெளியீட்டு விளம்பரத்தைக் கண்ணால் பார்க்காமல் எந்தப் படத்தின் பாத்திரத்தையும் எழுத வேண்டாம்.

1972க்கு முன், 1972க்குப் பின்

மலாய்ப் படப் பெயர்களைத் தேடும் தமிழர்கள் தவறாமல் தடுக்கி விழும் கல் ஒன்று உண்டு. 1972இல் மலாய் மொழியின் ரோமன் எழுத்துமுறை சீர்திருத்தப்பட்டது. அதுவரை ‘ச்ச’ ஒலியை ‘சி’, ‘எச்’ என்று இரண்டு எழுத்தில் எழுதினார்கள். அதன்பின் ‘சி’ ஒன்றே போதும் என்றானது. ஆகவே ‘சிந்தா’ என்ற பெயரை இன்றைய அகராதியில் உள்ளபடி தட்டினால் 1948ஆம் ஆண்டு விளம்பரம் வராது. ‘பெனாரெக் பெச்சா’வில் இரண்டு மாற்றம்: ‘பெனாரெக்’ இன்று ‘பெனாரிக்’, ‘பெச்சா’வின் நடுவே இருந்த ‘எச்’ இன்று இல்லை. உரிமை விகுதியான ‘கு’வுக்கு முன் அப்போது சிறுகோடு போடுவார்கள். தோக்கியோ விருதைத் தந்த ‘அனாக்-கு சசாலி’யை ஒட்டியும், கோடு போட்டும், இடம் விட்டும் மூன்று விதமாகத் தேட வேண்டும். இன்று இணையத்தில் கிடைக்கும் படப்பட்டியல்கள் இரண்டு முறையையும் கலந்து வைத்திருப்பதால், பட்டியலிலிருந்து நகலெடுத்து ஒட்டித் தேடுவது நம்பத்தகுந்த வழி அல்ல.

தமிழில் தேடினால்

தமிழ் முரசு 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய இதழ். அதன் பழைய பக்கங்களும் இந்தத் தளத்தில் உண்டு. நம் நடிகர்களைத் தேடுபவர்களுக்கு அது பொக்கிஷம். ஆனால் ஆங்கிலத்தில் தேடும் பழக்கத்தோடு வந்தால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். காரணங்களைத் தெரிந்துகொண்டால் சுற்றிப் போக வழி உண்டு.

முதல் காரணம் எழுத்துச் சீர்திருத்தம். தமிழ்நாட்டு அரசின் 1978ஆம் ஆண்டு ஆணைக்கு முன் ணா, றா, னா ஆகியவையும் ணை, லை, ளை, னை ஆகியவையும் வேறு வடிவில் அச்சாயின. சிங்கப்பூர் அச்சில் மாற்றம் அதன் பின்னரே வந்தது. பழைய துதிக்கை ‘லை’யை இன்றைய எழுத்துக்குப் பழகிய எழுத்துணரி வேறு எதுவாகவோ படித்துவிடும். இதனால் நடிகருக்கு நடிகர் தேடலின் பலன் மாறும். ‘சிவாஜி கணேசன்’ என்ற பெயரில் சிக்கலான எழுத்து ஒன்றுகூட இல்லை, ஓரளவு அகப்படுவார். ‘பாலையா’வில் ‘லை’, ‘கண்ணாம்பா’வில் ‘ணா’, ‘கலைவாண’ரில் ‘லை’. இவர்கள் தேடலில் காணாமல் போவதற்கு எழுத்து வடிவமே காரணமாக இருக்கலாம். படப் பெயருக்கும் அப்படியே. ‘பராசக்தி’ பிழைக்கும், ‘மலைக்கள்ளன்’ மாட்டிக்கொள்ளும். இப்படிப்பட்ட பெயர்களுக்குக் கூட நடித்தவர்களில் சிக்கலில்லாத எழுத்துள்ள ஒருவரைப் பிடித்து, அவர் வழியாகப் பக்கத்துக்குப் போங்கள்.

அடுத்தது வரி உடைப்பு. குறுகிய பத்தியில் ஆங்கிலச் சொல் உடைந்தால் சிறுகோடு விழும். தமிழில் கோடு இல்லாமலே உடைத்துவிடுவார்கள். ‘கணே’ ஒரு வரியில், ‘சன்’ அடுத்த வரியில். தேடலுக்கு அது இரண்டு தனிச் சொல். அதனால் நீளமான முழுப்பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுவது ஆங்கிலத்தில் நல்ல வழி, தமிழில் கெட்ட வழி. பெயரின் குட்டையான பகுதியை மட்டும் தட்டுங்கள். வேற்றுமை உருபு சேர்ந்த வடிவங்களையும் தனித்தனியே தட்டுங்கள்: கணேசன், கணேசனின், கணேசனும், கணேசனுக்கு.

பெயரே மாறிய கதையும் உண்டு. எம்.ஜி.ஆர். தொடக்க காலப் படங்களில் ‘எம். ஜி. ராமச்சந்தர்’ என்றே விளம்பரமானார். ‘ராமச்சந்திரன்’ என்று தேடினால் அந்த ஆண்டுகள் வெறுமையாகத் தெரியும். முன்னால் ‘இ’ சேர்த்த ‘இராமச்சந்திர’னையும் விட்டுவிடக் கூடாது. வி. சி. கணேசன் மேடையில் சிவாஜி வேடம் போட்ட பிறகுதான் சிவாஜி கணேசன் ஆனார். ரம்லியைத் தமிழில் தேடுவதாக இருந்தால் ரம்லி, ரம்லீ, ராம்லி மூன்றையும் தட்டுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் அகப்படாவிட்டால் பூகிஸ் பக்கத்தில் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகக் கட்டடத்துக்குப் போய், லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்தில், இதழ்ப் பக்கங்களைச் சிறிதாகப் படமெடுத்து வைத்திருக்கும் மைக்ரோஃபிலிம் சுருளைக் கேளுங்கள். அதைப் பார்க்கத் தெரிந்திருந்தால் வேலை வேகமாகப் போகும். சுருளை இடப்பக்கக் கம்பியில் மாட்டி, கண்ணாடித் தட்டுக்கு அடியில் கொண்டுபோய், வலப்பக்கச் சுருளில் இரண்டு சுற்று சுற்றிவிட்டுத்தான் மோட்டாரைத் தொட வேண்டும். சுற்றாமல் ஓட்டினால் முனை நழுவி வெளியே வந்துவிடும். முதலில் எழுத்தின் அளவைச் சரிசெய்யுங்கள், பிறகு தெளிவை. மாற்றிச் செய்தால் இரண்டு முறை செய்ய வேண்டிவரும். நகல் எடுக்கும்போது இதழின் பெயரும் தேதியும் உள்ள மேல்பட்டையையும் சேர்த்து எடுங்கள். விளம்பரத்தை மட்டும் வெட்டி எடுத்தவர்கள், மூன்று மாதம் கழித்து அது எந்த நாள் என்று தெரியாமல் திரும்ப வந்து தேடுவது வழக்கமான காட்சி.

தொலைக்காட்சி நடிகர்கள்

இங்கே தளம் அவ்வளவாகக் கைகொடுக்காது. சிங்கப்பூரில் தொலைக்காட்சி 1963 பிப்ரவரி 15 அன்று தொடங்கியது. அன்றிலிருந்து நிகழ்ச்சி நிரல் நாளிதழில் வருகிறது. ஆனால் நிரலில் இருப்பது நேரமும் நிகழ்ச்சியின் பெயரும்தான். நடித்தவர் பெயர் அபூர்வம். ஒரு தமிழ் நாடகம் எந்த இரவில் ஒளியேறியது என்பதை உறுதி செய்யலாம். அதில் யார் யார் என்பதை எடுக்க முடியாது.

நிறுவனத்தின் பெயரும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. டெலிவிஷன் சிங்கப்பூரா, 1965இல் ஆர்டிஎஸ், 1980இல் எஸ்பிசி, 1994இல் டிசிஎஸ். தமிழ் நிகழ்ச்சிகளுக்கும் வீடு மாறியது: ஒளிவழி 8, 1995இல் பிரைம் 12, 2000இல் வசந்தம் சென்ட்ரல், 2008 அக்டோபர் 19 முதல் தனி ஒளிவழியாக வசந்தம். ‘வசந்தம்’ என்று மட்டும் தேடினால் மூத்த கலைஞர்களின் முப்பது ஆண்டு உழைப்பு அப்படியே விட்டுப்போகும். ஆண்டுக்கு ஏற்ற பெயரைத் தட்டுங்கள். அண்மைக் கால நாடகங்களுக்கு மீவாட்ச் தளத்தில் பாகத்தைத் திறந்து, முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலை நிறுத்தி நிறுத்திப் படிப்பதே உறுதியான சான்று.

சிங்கப்பூர்த் தமிழ் நடிகர்களில் பலர் மேடையிலிருந்து சின்னத்திரைக்கு வந்தவர்கள். அவர்களுக்குத் தேசிய நூலகத்தின் தமிழ் மின்மரபுடைமைத் தொகுப்பில் உள்ள நாடகப் பகுதியைப் பாருங்கள். நிகழ்ச்சி ஏடு ஒன்று கிடைத்தால் நடித்தவர், இசை, ஒப்பனை, ஒளியமைப்பு எல்லாம் ஒரே பக்கத்தில் கிடைத்துவிடும். நாளிதழில் ஒரு மாதம் தேடினாலும் அது கிடைக்காது.

ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் தனியாக ஒரு மதிப்புரைக்கு உரியவை. அந்தப் பணி 1979இல் தொடங்கியது. பல பதிவுகளை வீட்டிலிருந்தே கேட்கலாம், சிலவற்றுக்கு அனுமதி வேண்டும். நேர்காணல் பல சுருளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு சுருளுக்கும் உள்ள சுருக்கக் குறிப்பை முதலில் படித்துவிட்டு, வேண்டிய சுருளை மட்டும் கேளுங்கள். நடிகரையே தேட வேண்டாம். அவரோடு வேலை செய்த ஒளிப்பதிவாளர், கொட்டகை ஊழியர், இசைக்கலைஞர் ஆகியோரைத் தேடுங்கள். சம்பளம், ஒப்பந்தம், கூடத்துச் சாப்பாடு, யார் யாரோடு பேசமாட்டார்கள் என்பதெல்லாம் அவர்கள் வாயில்தான் வரும். ஆனால் ஆண்டைச் சொல்லும்போது மனிதர்கள் ஓரிரண்டு ஆண்டு தவறுவது இயல்பு. பேச்சில் வரும் ஆண்டை விளம்பர அட்டவணையோடு ஒப்பிட்ட பிறகே எழுதுங்கள்.

வீட்டிலிருந்து எவ்வளவு, நூலகத்தில் எவ்வளவு

ரம்லியின் சிங்கப்பூர் ஆண்டுகளுக்கான ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் பக்கங்களை வீட்டிலிருந்தே முழுதாகப் படிக்கலாம். காலம் நம்மை நெருங்க நெருங்க, காப்புரிமை காரணமாகப் பக்கங்கள் நூலகக் கணினியில் மட்டும் திறக்கும். வீட்டில் தலைப்பும் தேதியும் தெரியும், உள்ளே போக முடியாது. அதனால் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வீட்டில் தேடிப் பட்டியல் போடுங்கள். நூலகத்துக்குப் பட்டியலோடு போய் வரிசையாகத் திறந்து படியுங்கள். பட்டியலில் இணைப்பை அப்படியே எழுதிவைப்பது நல்லது. இதழின் பெயரும், ஆண்டு, மாதம், நாள் சேர்ந்த எட்டு இலக்கமும் அந்த இணைப்புக்குள்ளேயே இருக்கும். பின்னாளில் குறிப்பு கலைந்துபோனாலும் தேதி தொலையாது. தளத்தில் மிகவும் பாராட்ட வேண்டிய ஏற்பாடு இது.

சோதனையின் முடிவுக்கு வருவோம். 1948, 1950, 1955 ஆகிய திருப்பங்களை, மேலே சொன்ன எழுத்துக்கோவை மாற்றங்களைச் செய்து தேடினால் தளம் பிடித்துத் தருகிறது. 1957 விருது செய்தியாகவே வந்ததால் சிரமமே இல்லை. 1961இல் பாடகி சலோமாவைக் கைப்பிடித்தது போன்ற சொந்த வாழ்க்கைச் செய்திகளும் அதே வகை. தளம் தடுமாறும் இடம் 1964. ஒரு நடிகர் ஊரைவிட்டுப் போவது விளம்பரப் பத்தியில் தெரியாது. இங்கே எடுத்து முடித்த படங்கள் அதன் பிறகும் வெளியாகும், பழைய படங்கள் திரும்ப ஓடும், கோலாலம்பூரில் எடுத்த படங்களும் அதே கொட்டகைகளுக்கு வந்து சேரும். பெயர் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். அப்போதுதான் அட்டவணையின் ஆறாவது கட்டம் கைகொடுக்கும். தயாரிப்பு வரியில் ‘மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ்’ போய், கோலாலம்பூர்ப் படப்பிடிப்புக் கூடமான ‘மெர்டேக்கா’வின் பெயர் வரும் இடம்தான் அவர் ஜாலான் அம்பாஸை விட்டுப் போனதற்கான தடயம். ஜாலான் அம்பாஸ் கூடமும் 1967இல் மூடப்பட்டது.

1973 மே 30ஆம் தேதி இதழ்களைக் கடைசியில் திறங்கள், முதலில் அல்ல. இரங்கல் செய்தி ஒரே இரவில் எழுதப்படுவது. ‘இத்தனை படங்கள்’ என்று அதில் வரும் எண்ணிக்கையில் நடித்தவை, இயக்கியவை, பாடிக் கொடுத்தவை எல்லாம் கலந்திருக்கலாம். உங்கள் அட்டவணையில் அவை மூன்றையும் தனித்தனியே கூட்டி, அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால், முதல் வெளியீட்டு விளம்பரம் கைவசம் உள்ள படங்களை மட்டும் எண்ணி, அந்த எண்ணை எழுதுங்கள்.